எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

மண்சரிவு பற்றிய அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் ஒரே ஓர் ஆள்தான். பெயர் வேலுமணி, வயது ஐம்பத்து மூன்று, ஊர் வட்டப்பள்ளம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'இறப்புக்கான காரணம்'. அதில் இப்படித் தட்டச்சு செய்திருந்தார்கள்: வெளியேற்ற அறிவுறுத்தலைக் கடைப்பிடிக்காமை.

அதை நான் எழுதவில்லை. சென்னை அலுவலகத்தில் யாரோ காலைக் காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் கீழே கையெழுத்துப் போட வேண்டியவள் நான். வெள்ளிக்கிழமைக்குள் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டால் வேலுமணி அண்ணன் காலாகாலத்துக்கும் சொன்ன பேச்சைக் கேட்காமல் செத்துப்போன மனிதராகிவிடுவார். இனி நடக்கும் பயிற்சி வகுப்புகளில் அவர் படத்தைத் திரையில் போட்டு, மக்கள் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது விளக்குவார்கள். எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வகுப்புகளை இத்தனை நாள் எடுத்தவள் நான்தான்.

ஊரின் பெயரையும் மற்றவர்களின் பெயர்களையும் இங்கே மாற்றியிருக்கிறேன். யாரும் தேட வேண்டாம். ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயரை மட்டும் மாற்றவில்லை. சுசித்ரா. சொந்த ஊர் பழனி. அப்பா அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். தைப்பூசக் கூட்டத்தில் ஊர் திணறுவதைப் பார்த்து வளர்ந்ததால்தான் நகரத் திட்டமிடல் படித்தேன் என்று நேர்காணல்களில் சொல்வேன். பாதி நிஜம். மீதிப் பாதி, கலந்தாய்வில் அந்தப் படிப்புதான் கிடைத்தது.

நான் வேலை பார்த்த நிறுவனம் கொடைக்கானலுக்கும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்கும் சேர்த்து ஒரு ஸ்மார்ட் நகரத் திட்டம் போட்டது. 'கொடை 2045' என்று பெயர். சுற்றுலாக் கார்களை மலைக்குக் கீழேயே நிறுத்திவிட்டு ஆட்களை மின்பேருந்தில் ஏற்றுவது, ஏரிக்குள் சாக்கடை இறங்காமல் பார்த்துக்கொள்வது, கூரைக்குக் கூரை மழைநீரைப் பிடிப்பது, மண் சரியப்போவதை முன்கூட்டிச் சொல்லும் கருவிகளைச் சரிவுகளில் பதிப்பது. மோசமான திட்டமில்லை. இன்றைக்கும் அதை நம்புகிறேன். அதற்காகச் செய்த காணொளியில் 2045-ஆம் வருடக் கொடைக்கானலில் மழையே பெய்யாது, எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார்கள். காணொளியைச் செய்தவளும் நானே. அதனால் கேலி பண்ண எனக்கு உரிமை உண்டு.

மண்சரிவுக் கருவிக்கு முதல் மாதிரி ஊராக வட்டப்பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தோம். மன்னவனூர் போகிற சாலையிலிருந்து பிரிந்து இறங்கினால் வரும். கிண்ணம் மாதிரி மூன்று பக்கமும் சரிவு, நடுவில் வீடுகள், கேரட்டும் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற நூற்று நாற்பத்து மூன்று பேர். ஊரின் ஒரு ஓரத்தில் சின்ன ஓடை. அதன் கரையில் மஞ்சள் பூசிய ஒரு கல் நட்டிருக்கும். அதுதான் ஊரின் எல்லை.

கருவியைப் பதிக்கக் குழி தோண்ட வந்தவர்தான் வேலுமணி. ஆறடிக் குழாயை மண்ணுக்குள் இறக்குவதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "இது என்னங்க மேடம் செய்யும்?" என்று கேட்டார். மண் எவ்வளவு நனைகிறது, எவ்வளவு சாய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும், அளவு தாண்டினால் சைரன் அடிக்கும் என்றேன்.

"அப்ப மண்ணுக்குள்ள ஒரு காத வைக்கிறீங்கன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து கருவிக்கு ஊரில் காதுக்காரன் என்று பெயர். முள்ளம்பன்றி வயரைக் கடிக்கிறது என்று சுற்றி வேலி கட்டியது அவர். பேட்டரி இறங்கினால் எங்கள் பொறியாளருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "இன்னைக்குக் காதுக்காரன் மொகமே சரியில்லங்க" என்று போன் வரும். இரண்டு மாதத்தில் நான் மேடம் என்பதிலிருந்து தங்கச்சி ஆனேன். அவர் மனைவி வீரம்மாள் எனக்கு மதினி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு பை மலைப்பூண்டைக் கையில் திணிக்காமல் மதினி என்னை அனுப்பியதே இல்லை.

சைரன் அடித்தால் ஊர் போய்த் தங்க ஒரு பாதுகாப்புக் கூடம் வேண்டும். அதற்கு இடம் பார்த்தோம். ஊருக்குள்ளேயே பள்ளிக்கூட மேடு என்று ஒரு பாறைத் திட்டு இருந்தது. மண் பரிசோதனையில் தேறியது. ஆனால் மேற்கே யூகலிப்டஸ் தோப்பு. அதன் நிழலால் நாளுக்கு மூன்றரை மணி நேரம்தான் வெயில் படும். கூடம் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது எங்கள் திட்டத்தின் பெருமை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆறு மணி நேர வெயில் இருந்தது. இடங்களுக்கு மதிப்பெண் போட்டபோது மேடு அடிபட்டுப் போனது.

ஊர்க் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நான் கொண்டுபோன பலகையில் இரண்டு இடங்கள் இருந்தன. இடம் ஒன்று, இடம் இரண்டு. இரண்டுமே ஓடைக்கு அந்தப் பக்கம். எது வேண்டும் என்று கை தூக்கச் சொன்னேன். வேலுமணி அண்ணன் எழுந்தார்.

"ரெண்டுமே எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமுல்ல இருக்கு? பள்ளிக்கூட மேட்டுல வையுங்களேன்."

வெயில் கணக்கைச் சொன்னேன். அவர் விடவில்லை.

"காப்புக் கட்டிட்டா ராத்திரி எல்லையத் தாண்டித் தங்கக் கூடாதுங்க. அந்தச் சமயம் பாத்து மழை பிடிச்சுச்சுன்னா சனம் தடுமாறிப் போகும்."

நான் பழனிக்காரி. காப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மன் முன்னால் மஞ்சள் கயிற்றைக் கட்டித் திருவிழாவைத் தொடங்கிவிட்டால், முடியும் வரை ஊர்க்காரர்கள் வெளியில் போய்த் தங்க மாட்டார்கள். ஊருக்காகத் தன் கையில் காப்பைக் கட்டிக்கொண்டவர் எல்லையைத் தாண்டவே மாட்டார். எல்லாம் தெரிந்துதான் கணக்குப் போட்டேன். வட்டப்பள்ளம் காளியம்மனுக்குத் திருவிழா சித்திரையில், எட்டு நாள். பெருமழை ஐப்பசியில். நாற்பது வருட மழைப் பதிவு என் கையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது என்று ஊர் முன்னால் அடித்துச் சொன்னேன். அவர் சரி என்று உட்கார்ந்துவிட்டார். கூட்டக் குறிப்பில் 'கோரிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன்.

இரண்டையும் சந்திக்க வைத்தவளும் நானே.

அடுத்த சித்திரையில் கோயில் தெரு முழுக்கக் கேபிளுக்காகத் தோண்டிக் கிடந்தது. சப்பரம் வர வழியில்லை. திருவிழாவை ஆடிக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். ஊர் ஒப்பவில்லை. ஆபீஸ் காகிதத்துக்காக ஆத்தாளைக் காக்க வைப்பதா என்று சத்தம் போட்டார்கள். வேலையை நிறுத்தினால் மழைக்கு முன் சைரன் வராது. அப்போது வேலுமணி அண்ணன்தான், "நாமளே ஏன் சண்டை போடணும்? ஆத்தாகிட்டயே பூக் கேட்டுருவோம்" என்று சமாதானம் செய்தார்.

பூக் கேட்பது அந்த ஊரில் கடைசித் தீர்ப்பு. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள். சிவப்பு வந்தால் மறுத்துவிட்டாள். அன்று பொட்டலம் மடித்தவர் வேலுமணி அண்ணன். வந்தது வெள்ளை. ஊர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கலைந்தது.

ஒரு வாரம் கழித்து மன்னவனூர் டீக்கடையில் அவர் என் பக்கம் குனிந்து சொன்னார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன், மனசோட வச்சுக்கங்க. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் மடிச்சேன்."

எனக்கு வாயில் டீ நின்றுவிட்டது.

"பெறகு என்னங்க செய்ய? மழைக்கு முந்திக் காதுக்காரன் எந்திரிச்சு உக்காரணுமுல்ல? ஊரக் காப்பாத்தத்தான செஞ்சேன். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், "சூப்பர்ணே" என்று வேறு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

ஆடியில் முடியும் என்று எழுதிக் கொடுத்த வேலை புரட்டாசி வரை இழுத்தது. ஒரு வருடம்கூடத் திருவிழா தவறக் கூடாது என்று ஊர் நின்றது. ஐப்பசி முதல் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். ஊருக்கான காப்பை அந்த வருடம் வேலுமணி அண்ணனே கேட்டு வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டார். எனக்குத் திருவிழாப் பத்திரிகை வந்தது. அதில் தேதியைப் பார்த்ததும் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வானிலை அறிக்கையைத் திறந்து பார்த்தேன். மிதமான மழை என்று இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பிடித்த மழை விடவே இல்லை. சனிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்குச் சைரன் அடித்தது. நான் கொடைக்கானலில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். பூம்பாறைக்குப் பக்கத்தில் மரம் விழுந்து சாலை அடைபட்டுக் கிடந்தது. போக வழியில்லை. பாதுகாப்புக் கூடத்தின் வாசலில் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஓர் அட்டையைக் காட்டிவிட்டு நுழைய வேண்டும், எத்தனை பேர் என்று என் திரையில் எண் ஏறும். இருபது நிமிடம் அது பூஜ்ஜியத்திலேயே நின்றது.

அந்த இருபது நிமிடமும் ஊர் எல்லைக்கல்லிடம் நின்றிருக்கிறது. பிறகு அவர்களே சொன்னார்கள். தாண்டினால் இரவும் அங்கேயே தங்க வேண்டிவரும் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மனை விட்டுவிட்டுப் போவதா என்று கால் எழவில்லை. வேலுமணி அண்ணன் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்தியிருக்கிறார்.

"ஆத்தாள ஒத்தையில விட்டுட்டுப் போகக் கூடாதுங்கறதுதான மொறை? காப்புக் கட்டுனவன் நான் இருக்கேன். வெளக்க நான் பாத்துக்கறேன். நான் இருந்தா ஊரே இருந்த மாதிரி. வெரசாத் தாண்டுங்க!"

எண் ஏற ஆரம்பித்தது. பத்து, முப்பது, தொண்ணூறு. நூற்று நாற்பத்து இரண்டில் நின்றது. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் போனை எடுத்தேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"கோயில்லதான் தங்கச்சி. எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்களா?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. கெளம்புங்க."

"அப்பச் சரியா இருக்கு. காதுக்காரன் நல்லாத்தான் சோலி பாத்துருக்கான்."

"விளையாடாதீங்கண்ணே. சாய்வு ஏறிக்கிட்டே இருக்கு. இப்பவே அந்தப் பக்கம் போங்க."

"கையில காப்பு கெடக்கே. எப்படிக் கல்லத் தாண்டுறது?"

"ஆத்தா மன்னிச்சிரும்ணே."

மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்.

"வேற வருசம்னா மன்னிக்கும். இந்த வருசம் நான் எப்படிக் கேக்க முடியும், சொல்லுங்க? ரெண்டுலயும் வெள்ளைய வச்சவன் நான். அது போதாதுன்னு கல்லையும் தாண்டிட்டா எந்த மொகத்தோட வந்து நிப்பேன்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது, என் கடிதத்துக்காகத்தானே செய்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "இது உத்தரவுண்ணே, நீங்க வெளியேறித்தான் ஆகணும்" என்றேன். அதிகாரிக் குரலில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "உத்தரவு ஆத்தாதான தரணும் தங்கச்சி. பயப்படாதீங்க. கோயில் பாறை மேல நிக்கிது, ஒன்னும் ஆகாது. வெளக்குக்கு எண்ணெய் ஊத்தணும், வச்சிரவா?"

வைத்துவிட்டார். ஏழு நிமிடம் பேசியிருந்தோம். அதன்பின் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சாய்வுக் கோடு திரையில் நேராக மேலே போனது. அதற்கப்புறம் கோடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாலையைத் திறந்தார்கள். நான் போனபோது அவரை மண்ணிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். கருவறை நின்றது. அதற்கு முன்னால் இருந்த மண்டபம் இல்லை, அது இருந்த பாறையே பெயர்ந்துபோயிருந்தது. கோயில் தெருவின் கீழ்ப்பக்க வீடுகள் பன்னிரண்டு மண்ணுக்குள். சைரன் இல்லாதிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. அண்ணனின் கையில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது என்றார்கள். நான் பார்க்கவில்லை. துணிவில்லை.

திரும்பும்போதுதான் பள்ளிக்கூட மேட்டைப் பார்த்தேன். கோயிலிலிருந்து இருநூறு அடி இருக்கும். அங்கே புல்கூட மடங்கவில்லை. ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேடு எல்லைக்குள்தான் இருக்கிறது. "கல்லத் தாண்ட வேணாம்ணே, வெளக்க எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போங்க" என்று ஏழு நிமிடத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் போயிருப்பார். இரண்டு நிமிட நடை. அவருக்கு ஆத்தாளின் கோயில் அசையாது என்ற நம்பிக்கை. எனக்கு என்ன கேடு? என் திரையில் பாதுகாப்பான இடம் என்று ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான் இருந்தது. மேட்டை வரைபடத்திலிருந்து என் கையால் நீக்கியிருந்தேன். நீக்கிய இடம் எனக்கு நினைவிலும் இல்லாமல் போயிருந்தது. நான் அழுதேன். ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

அன்று மதினி கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாக்க வந்த ஆபீசர் ஒருத்தரு, சொன்ன பேச்சக் கேக்கல, அதான் போயிட்டாருன்னு என் காதுபடச் சொல்லிட்டுப் போறாரு. காதுக்காரன் சத்தம் போட்டதும் வீடு வீடா ஓடிக் கதவத் தட்டுனவரு அவரு. நீங்க எழுதுறதுல அப்படி எழுதிராதீங்க தங்கச்சி."

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் பதினேழாம் பக்கம் அந்த வரியோடு வந்து சேர்ந்தது.

எங்கள் இயக்குநர் சேனாதிபதியைப் போனில் கூப்பிட்டு, கூடம் இருந்த இடம்தான் தவறு, அப்படித்தான் எழுதப்போகிறேன் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"சுசி, நூத்தி நாப்பத்திரெண்டு பேர் உயிரோட இருக்காங்க. இன்னும் இருபத்தாறு ஊர் லிஸ்ட்ல இருக்கு. 'டிசைன் தப்பு'ன்னு நீங்க ஒரு வரி எழுதினா மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க. அந்த ஊர்கள்ல அடுத்த மழைக்குச் சைரனே இருக்காது. போனவருக்கு ஒரு வரியால என்ன ஆகப்போகுது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியாது. அண்ணன் ஏன் தாண்டவில்லை என்று முழுக் காரணத்தையும் எழுதினால் பூ விஷயம் வெளியே வந்துவிடும். வட்டப்பள்ளம் அந்த நாட்களில் ஒரே ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டு நின்றது: திருவிழாவைத் தள்ளி வைக்கச் சொன்னது ஆத்தாளே, அவளே பூக் கொடுத்தாள், அவளே ஒருத்தரை எடுத்துக்கொண்டு ஊரை விட்டாள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை என்று தெரிந்தால், ஆத்தாளை ஏமாற்றி மலையைச் சரிய வைத்தவர் என்று அதே வாய்கள் அவரைத் தூற்றும். அரசாங்கத்திடம் அவர் பெயரைக் காப்பாற்றப் போய் ஊரிடம் கெடுத்துவிடுவேன். மதினிக்கு அது தெரியவே கூடாது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை வெள்ளனே கிளம்பி வட்டப்பள்ளம் போனேன். மதினி தன் வீட்டில் இருந்தார். வீட்டின் பின்சுவர் மட்டும் விழுந்திருந்தது. முன்வாசலில் நின்று, ஈரத்தில் கிடந்த பூண்டுக் கட்டுகளை உதறிக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து உதறினேன்.

"கடைசியா உங்ககிட்டத்தான பேசுனாரு," என்றார். "என்ன சொன்னாரு?"

"எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்களான்னு கேட்டாரு மதினி. வெளக்குக்கு எண்ணெய் ஊத்தணும்னாரு."

"வேற?"

"வேற ஒன்னுமில்ல."

மதினி கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு செடிகள் இருந்தன. ஒன்று வெள்ளைச் சாமந்தி. மற்றது சிவப்பு ரோஜா. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்குப் பூப் பறிச்சுக் குடுத்தது நான்தான் தங்கச்சி. வெள்ளை ரெண்டு பறின்னாரு. செவப்பு எத்தனைன்னு கேட்டேன். செவப்பு வேணாம்னுட்டாரு."

என் கையிலிருந்த பூண்டுக் கட்டு கீழே விழுந்தது.

"நான் ஒன்னுமே கேக்கல. கேட்டுருக்கணும். அன்னைக்குக் கல்லுக்கிட்ட நின்னுக்கிட்டு எல்லாரையும் போங்க போங்கன்னாரு பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இந்த மனுசன் எதுக்கு நிக்கிறாருன்னு. கையப் பிடிச்சு இழுத்துருக்கலாம். பூவச் சொல்லி இழுத்தா ஊரு கேட்டுருமேன்னு பேசாமத் தாண்டிட்டேன். அவரு பேரு கெட்டுரக் கூடாதுன்னு பாத்தேன். ஆள விட்டுட்டேன்."

சத்தமில்லாமல் அழுதார். நான் பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஏழு நிமிடப் பேச்சை முழுதாகச் சொன்னேன். பள்ளிக்கூட மேட்டைப் பற்றியும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மேட்டின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அங்கதான அவரு கூடத்த வைக்கச் சொன்னாரு" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் என் பலகை எனக்கு நினைவு வந்தது. இடம் ஒன்று, இடம் இரண்டு. எது வேண்டும் என்று கை தூக்கச் சொன்னேனே, இரண்டுமே கல்லுக்கு அந்தப் பக்கம். வேண்டாம் என்று சொல்ல அந்த ஊருக்கு நான் வழியே வைக்கவில்லை. வேலுமணி அண்ணன் தன் ஆத்தாளிடம் ஒரே ஒரு தடவை செய்ததை நான் போகிற ஊரிலெல்லாம் செய்திருக்கிறேன். அதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர் வைத்து, போட்டோ எடுத்து, அறிக்கையில் பின்னிணைப்பாகவும் சேர்த்திருக்கிறேன். அவர் செய்த தப்புக்கு அவர் போய் நின்றார். நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன்.

பையிலிருந்து பதினேழாம் பக்கத்தை எடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, மதினியின் வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினேன். எழுதியதைப் படித்தும் காட்டினேன்.

"காரணம்: பாதுகாப்புக் கூடம் ஊர் எல்லைக்கு வெளியே கட்டப்பட்டது. எல்லைக்குள் கட்டும்படி கேட்டவர் இறந்தவரே. அதை மறுத்தவரும், திருவிழாவைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியவரும், அன்று எல்லைக்குள் இருந்த பாதுகாப்பான இடத்தைச் சொல்லத் தவறியவரும், திட்ட வடிவமைப்பாளர் சுசித்ரா. ஊரில் மற்ற அனைவரையும் வெளியேற்றியவர் வேலுமணி."

அந்த வரிக்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்காது என்பது தெரியும். அது பெரிய விஷயமில்லை. அந்த இருபத்தாறு ஊர்கள்தான் விஷயம். அங்கே சைரன் வருமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதினி கவனமாகக் கேட்டார்.

"பூவப் பத்தி ஒன்னும் எழுதலயே?"

"எழுதல மதினி."

"அப்பச் சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோஜாச் செடியைப் பார்த்தார். மழையில் இதழ் உதிர்ந்துபோய் ஒரே ஒரு பூ மிச்சம் இருந்தது. "ஒரு செவப்பையும் சேத்து மடிச்சுருந்தா ஆத்தா எதக் குடுத்துருப்பாளோ. யாரும் அவகிட்டக் கேக்கவே இல்லையே தங்கச்சி."

நான் கையெழுத்துப் போட்டேன்.